எண்ணூர் வண்டுக்கு யார் பெயர் வைப்பது?

சென்ற இதழில் சாணி வண்டைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலிருந்து வந்த கடிதங்களைப் பார்த்ததும், இந்த வாரப் பகுதி முழுவதையும் வண்டுகளுக்கே கொடுத்துவிட்டேன். சாணி வண்டு, தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு, வேர்ப்புழுவாக இருந்து வளரும் பழுப்பு வண்டு எல்லாமே ஸ்கராப் என்கிற ஒரே குடும்பம். உலகில் இதுவரை பெயர் பெற்றவை மட்டும் ஏறக்குறைய 30,000 இனங்கள்.

கே: மழை விட்ட இரவு எங்கள் தெருவிளக்கின் கீழே ஒரு பழுப்பு வண்டைப் பிடித்தேன். இணையத்தில் எங்கே தேடியும் அதே படம் இல்லை. புதிய இனமா? (கல்லூரி மாணவர், திருவொற்றியூர்)

ப: படம் கிடைக்காததால் புதியது என்று ஆகிவிடாது தம்பி. பெயர் பெற்ற வண்டுகளிலேயே ஏராளமானவற்றுக்கு நல்ல படம் கிடையாது. எப்போதோ எழுதிய சில பத்தி வர்ணனையும், ஏதோ ஓர் அருங்காட்சியகப் பெட்டியில் ஊசி குத்திய உடலும்தான் இருக்கும். உங்கள் வண்டு பெரும்பாலும் ஹோலோட்ரைக்கியா வகையாக இருக்கும். பகலில் மண்ணுக்குள் கிடந்து, முதல் மழைக்கு வெளியே வந்து, இரவில் வேப்பிலை தின்னும். இதன் புழுதான் நிலக்கடலை, கரும்பு வேரைக் கடித்து விவசாயியை அழவைக்கும் வேர்ப்புழு. ஹோலோட்ரைக்கியா செராட்டாவுக்கு 18-ம் நூற்றாண்டிலேயே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒன்றைப் போல் ஒன்று இருக்கும் இந்தப் பழுப்பு வண்டுகளின் கூட்டத்தில்தான் புதியவை அதிகம் ஒளிந்திருக்கின்றன. டிர்க் ஆரென்ஸ், சில்வியா ஃபாப்ரிஸி என்ற இருவர் இந்தியாவின் செரிசினி வகைப் பழுப்பு வண்டுகளைப் பற்றி 2016-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். அதில் புதிய இனங்கள் வரிசை வரிசையாக வருகின்றன. அவற்றில் பல, பிடிபட்டு அருங்காட்சியக அலமாரிகளில் பல ஆண்டுகள் காத்துக் கிடந்தவை.

கே: அப்படியானால் புதியது என்று எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்? (ஆசிரியை, தண்டையார்பேட்டை)

ப: முதல் வேலை படிப்பு. இந்திய ஸ்கராப் வண்டுகளுக்கு இன்றும் முதலில் புரட்டுவது கில்பர்ட் ஆரோ எழுதிய மூன்று தொகுதிகளைத்தான். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஆரோ, ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்’ வரிசையில் 1910, 1917, 1931 ஆகிய ஆண்டுகளில் அவற்றை வெளியிட்டார். அவற்றில் ஒவ்வோர் இனத்தையும் பிரித்தறியும் வினாக்கள் இருக்கும். முன்னங்காலில் எத்தனை பல், தலைமுன் விளிம்பு நேராக இருக்கிறதா பிளவா, முதுகில் புள்ளிக் குழிகள் நெருக்கமா விலகலா என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு பெயரில் போய் நிற்போம். எந்தப் பெயரிலும் நிற்கவில்லை என்றால் நெஞ்சு படபடக்கத் தொடங்கும். அப்போதும் அவசரப்படக் கூடாது. 1931-க்குப் பிறகு உலகில் எந்த மொழியில் வந்த கட்டுரையானாலும் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஒப்பீடு. நெருங்கிய உறவுள்ள இனங்களின் மூல மாதிரிகள் எந்த ஊரில் இருக்கின்றனவோ அங்கே போய்ப் பார்க்க வேண்டும், அல்லது படம் வாங்க வேண்டும். ஒரே ஒரு வண்டை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வதும் ஆபத்து. ஆந்தோஃபேகஸ் என்ற சாணி வண்டுப் பேரினத்தில், குட்டியாக இருக்கும்போது நிறையச் சாணி கிடைத்த ஆணுக்கு நீண்ட கொம்பு முளைக்கும். குறைவாகக் கிடைத்த ஆணுக்குக் கொம்பு மொட்டையாக நின்றுவிடும். இரண்டும் ஒரே இனம், ஒரே தாய்க்கும் பிறந்திருக்கலாம். கொம்பை மட்டும் பார்த்தவர் இரண்டு பெயர் வைத்துவிடுவார். ஆகவே ஆண், பெண், பெரியது, சிறியது என்று பல மாதிரிகள் வேண்டும். இப்போது மரபணு ஒப்பீடும் சேர்ந்திருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு வர்ணனை எழுதி, படத்தோடு, ஆய்விதழில் வெளியிட்டால்தான் அந்தப் பெயர் பிறக்கும். லின்னேயஸின் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் 10-ம் பதிப்பு வந்த 1758-தான் விலங்குப் பெயர்களுக்குத் தொடக்க ஆண்டு. அன்றிலிருந்து ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வந்தால் முந்தியதே நிற்கும். செய்தித்தாளில் வந்தது, மேடையில் அறிவித்தது, முகநூலில் போட்டது எதுவும் கணக்கில் சேராது.

கே: வண்டின் அந்தரங்க உறுப்பை அறுத்துப் பார்க்கிறார்களாமே, இதெல்லாம் தேவையா? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ராயபுரம்)

ப: மிகவும் தேவை ஐயா. வெளியே அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு இனங்களுக்கும் உள்ளே பூட்டும் சாவியும் வேறு வேறு. ஆண் உறுப்பின் நுனி வளைந்திருக்கும் விதத்தைப் பார்த்துத்தான் பல பழுப்பு வண்டுகளைப் பிரிக்கிறார்கள். அரிசி மணியளவு வண்டின் வயிற்றிலிருந்து அதை எடுத்து, தசையைக் கரைத்து, நுண்ணோக்கியில் படம் வரைய நிதானமான கை வேண்டும். ரயில்வேயில் கடிகாரம் பழுது பார்த்த நண்பர்கள் இருந்தால் அனுப்புங்கள், நன்றாகச் செய்வார்கள்.

கே: பொன்வண்டும் இந்தக் குடும்பமா? (குடும்பத் தலைவி, வண்ணாரப்பேட்டை)

ப: இல்லை அம்மா. நாம் தீப்பெட்டியில் வைத்து இலை போட்டு வளர்த்த பொன்வண்டு, புப்ரெஸ்டிடே என்ற வேறு குடும்பம். ஸ்கராபைக் கண்டுபிடிக்க மீசையைப் பாருங்கள். நுனியில் சிறு தகடுகள் அடுக்கி, விசிறிபோல் விரியும்.

கே: நம்ம தமிழ்நாட்டில் இந்த வேலையை யார் ஆரம்பித்தது? (நூலகர், பழைய வண்ணாரப்பேட்டை)

ப: கடற்கரையோரமாகவே தெற்கே போங்கள், தரங்கம்பாடி வரும். 1768-ல் டேனிஷ் மிஷனின் மருத்துவராக அங்கே வந்து இறங்கிய யோகான் கெர்ஹார்ட் கூனிக், லின்னேயஸின் மாணவர். 1785-ல் இறக்கும்வரை செடியும் பூச்சியுமாகச் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அங்கே அவற்றைப் பெற்றுக்கொண்டு வர்ணித்தவர்களில் முக்கியமானவர், லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபாப்ரிசியஸ். நம் கடற்கரையின் எத்தனையோ பூச்சிகளுக்கு அறிவியல் பெயர் அப்படி வந்தது. மூல மாதிரிகள் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கின்றன. சோழமண்டலக் கரையில் ஓடித் திரிந்த வண்டை உறுதி செய்ய டென்மார்க்குக்கு எழுத வேண்டிய நிலை எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதே சமயம், 250 ஆண்டுகளாக ஒரு பூச்சி உடையாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

கே: மூல மாதிரி, மூல மாதிரி என்கிறீர்களே, அது என்ன? (பத்தாம் வகுப்பு மாணவி, எர்ணாவூர்)

ப: ஒரு புதிய பெயர் வைக்கும்போது, ‘இந்தப் பெயர் இந்த உடலுக்கு’ என்று ஒரே ஒரு வண்டை எழுதி வைப்பார்கள் மகளே. அதற்கு ஹோலோடைப் என்று பெயர். நூறு ஆண்டு கழித்துச் சண்டை வந்தாலும் அந்த ஒரு வண்டுதான் சாட்சி. அதைச் சொந்த வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. நம் நாட்டின் 2002-ம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 39-வது பிரிவு, புதிதாகக் கண்டுபிடித்த எந்த உயிரினத்தின் மாதிரியையும் அரசு குறிப்பிட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. விலங்குகளுக்கு அப்படிப்பட்ட காப்பகம் இந்திய விலங்கியல் ஆய்வகம். கூனிக் காலத்துக்கும் நம் காலத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்தச் சட்டம்தான்.

கே: புதிய இனமெல்லாம் காட்டில்தானே கிடைக்கும்? மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகாமல் மணலியில் என்ன தேடுவது? (தொழிற்சாலை ஊழியர், மணலி)

ப: இந்தக் கேள்விக்குப் பெங்களூரு 2024-ல் பதில் சொல்லிவிட்டது. அந்த நகரின் புறநகரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் வளாகம், பெயர் விஸ்தார். அங்கே பிடித்த ஒரு சாணி வண்டு புதிய இனம் என்று தெரிந்தது. அசோகா சூழலியல் ஆய்வு அறக்கட்டளையைச் சேர்ந்த சீனா நாராயணன், பிரியதர்சனன் தர்மராஜன் ஆகியோர் அதற்கு ஒனைடிஸ் விஸ்தரா என்று பெயர் வைத்தார்கள். புலி உலவும் காடு தேவைப்படவில்லை. மாடு மேயும் புல்வெளியும், உழாத கொஞ்சம் மண்ணும், இரவில் குனிந்து பார்க்கிற கண்ணும் இருந்தன. ஒனைடிஸ் வண்டுகள் அந்தி மயங்கிய நேரத்தில் பறந்து வந்து, சாணிக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டி உணவை இறக்கிவிடும். பகலில் சாணியின் மேற்புறத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அவை இருப்பதே தெரியாது.

காட்டுக்குப் போகிற ஆய்வாளருக்கு நிதி கிடைக்கும், அனுமதி கிடைக்கும், பெயரும் கிடைக்கும். நகரத்தின் ஓரத்தை யாரும் ஆய்வுக்குரிய இடமாகவே நினைப்பதில்லை. மாதவரம் பால்பண்ணைப் பக்கம், கொசஸ்தலை ஆற்றங்கரை மேய்ச்சல், எண்ணூர் மணல்மேடு ஆகிய இடங்களில் ஓர் ஆண்டு முழுக்க, மாதம் தவறாமல், சாணியைக் கிளறிப் பட்டியல் எடுத்தால் என்ன கிடைக்கும் என்று அறிய எனக்கு அத்தனை ஆவல்.

கே: மாட்டுக்கும் சாணிக்கும் எங்கள் தெருவில் குறைவே இல்லை. சாணி வண்டைத்தான் பார்த்ததே இல்லை. ஏன்? (பால் வியாபாரி, தண்டையார்பேட்டை)

ப: சாணி விழுகிற இடத்தைப் பாருங்கள், தார். சாணி வண்டுகளில் மூன்று தொழில் உண்டு. சில உருண்டை பிடித்து உருட்டிப் போகும். பெரும்பாலானவை விழுந்த இடத்திலேயே மண்ணைத் தோண்டிப் புதைக்கும். சிறியவை சாணிக்குள்ளேயே குடியிருக்கும். முதல் இரண்டுக்கும் அடியில் மண் வேண்டும். தார்ச்சாலையிலும் சிமெண்ட் தரையிலும் சாணி காய்ந்து வரட்டியாகும், அல்லது ஈ மொய்க்கும். மாட்டுக்குப் போடும் சில குடற்புழு மருந்துகளும் சாணியோடு வெளியே வந்து வண்டுப்புழுக்களைக் கொல்கின்றன. உங்கள் மாடுகள் ரயில் பாதையோரம் மேயும் நாளில், மண்மேல் விழுந்த ஒருநாள் பழைய சாணியைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள். அடியில் சுண்டுவிரல் நுழையும் துளை இருந்தால் வீட்டுக்காரர் உள்ளேதான் இருக்கிறார்.

இந்த வண்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா அனுபவித்தது. ஐரோப்பியர்கள் மாட்டைக் கொண்டுபோனார்கள், வண்டைக் கொண்டுபோகவில்லை. அங்கிருந்த வண்டுகள் கங்காருவின் காய்ந்த புழுக்கைக்குப் பழகியவை. மாட்டுச் சாணி மேய்ச்சல் நிலத்தில் மூடிக்கிடந்தது, ஈ பெருகியது. ஜார்ஜ் போர்னமிசா என்ற பூச்சியியலாளர் முன்மொழிந்த திட்டத்தின்படி 1960-களின் இறுதியிலிருந்து அரசே வெளிநாடுகளிலிருந்து சாணி வண்டுகளைத் தருவித்து விட வேண்டியதாயிற்று. நமக்கு இலவசமாகக் கிடைத்ததை அவர்கள் இறக்குமதி செய்தார்கள்.

கே: துறைமுகத்தில் வேலை செய்கிறேன். கண்டெய்னரைத் திறந்தபோது உள்ளே ஒரு கொம்பு வண்டு செத்துக் கிடந்தது. எண்ணூரில் கிடைத்த புதிய வண்டு என்று சொல்லிக்கொள்ளலாமா? (லோடுமேன், காட்டுப்பள்ளி)

ப: சொல்லிக்கொள்ளவே கூடாது அண்ணே. ஆனால் நீங்கள் கேட்டது இந்த வாரத்தின் மிக முக்கியமான கேள்வி. துறைமுக ஊரில் அறிமுகமில்லாத பூச்சியைக் கண்டால், புதிய இனமா என்று கேட்பதற்கு முன் வந்தேறியா என்று கேட்க வேண்டும். அந்தக் கண்டெய்னர் எந்த நாட்டிலிருந்து வந்தது, என்ன சரக்கு, எந்த நாள் திறந்தீர்கள் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி வண்டோடு வையுங்கள். சுங்கப் பக்கத்திலேயே தாவரத் தடைக்காப்பு அலுவலர்கள் இருப்பார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

சீட்டு எழுதாவிட்டால் என்ன ஆகும்? வட அமெரிக்காவில் மணல்வெளியில் ஓடும் ஒரு புலி வண்டு இருக்கிறது. ஹெர்ப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் 1806-ல் அதை வர்ணித்தபோது, கையில் இருந்த மாதிரி தரங்கம்பாடியிலிருந்து வந்தது என்று நம்பி, சிசிண்டெலா ட்ராங்கெபாரிகா என்று பெயர் வைத்துவிட்டார். அந்த வண்டு தரங்கம்பாடி மண்ணை மிதித்ததே இல்லை. முந்திய பெயரே நிற்கும் என்பது விதி, ஆகவே அமெரிக்க வண்டு இன்றுவரை நம் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. ஒரு தவறான சீட்டின் ஆயுள் 200 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

கப்பல் ஏறிய ஸ்கராப் எத்தனை சேதம் செய்யும் என்பதற்கும் நம் பக்கத்துச் சாட்சியே உண்டு. நம்மூர்க் காண்டாமிருக வண்டு 1909 வாக்கில் இலங்கையிலிருந்து சமோவாவுக்குப் போன ரப்பர் நாற்றுகளின் மண்ணில் ஒளிந்து போனது. அங்கிருந்து பசிபிக் தீவுகளில் பரவித் தென்னையைச் சூறையாடியது. 2007-ல் குவாம், 2013-ல் ஹவாய் என்று இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. நம் ஊரில் அது தென்னங்குருத்தைத் துளைத்தால், மட்டை விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணம் முக்கோணமாகத் தெரியும். அதோடு தென்னை ஒருவழியாகப் பிழைத்துக்கொள்கிறது, ஏனென்றால் வண்டைத் தாக்கும் நோய்களும் இங்கேயே இருக்கின்றன. சமோவாவுக்கு வண்டு மட்டும் போனது, நோய் போகவில்லை. 1960-களில் அலாய்ஸ் ஹூகர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, வண்டின் தாயகமான ஆசியப் பகுதிக்கு வந்து தேடி, மலேசியாவில் அதைக் கொல்லும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். அதைச் சமோவாவில் விட்ட பிறகே வண்டின் எண்ணிக்கை இறங்கியது. வண்டு எந்த இனம், எந்த ஊர்க்காரர் என்று சரியாகத் தெரிந்திருந்ததால்தான் எங்கே போய் மருந்து தேடுவது என்று தெரிந்தது.

இன்னொன்று. சரக்கு வைக்கும் மரப் பேலட்டில் கதிர் வடிவ முத்திரையும் பக்கத்தில் எச்.டி. என்ற எழுத்துகளும் பார்த்திருப்பீர்கள். மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள். மரத்துக்குள் ஒளிந்து வரும் பூச்சியைக் கொல்ல உலக நாடுகள் 2002-ல் வகுத்த விதி அது. முத்திரை இல்லாத பேலட்டை விறகுக்கு எடுத்துப் போகும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கே: வந்தேறிகளைப் பற்றி எழுதும்போது எங்கள் காக்கா ஆழியையும் எழுதுங்கள். (மீனவர், காட்டுக்குப்பம்)

ப: எழுதாமல் எப்படி? வண்டு இல்லை என்றாலும் பாடம் அதேதான். கொசஸ்தலை முகத்துவாரத்தில் அடிமண்ணைப் பாய் விரித்தாற்போல் மூடிவிட்ட அந்த ஆழி, மைடெல்லா ஸ்ட்ரைகேட்டா என்ற தென் அமெரிக்க இனம். இறால் புதைந்து வாழும் சேற்றையும், மஞ்ச மட்டி கிடைத்த இடத்தையும் அது பிடித்துக்கொண்டது. 2023 வாக்கில்தான் பத்திரிகைகளில் பேச்சு எழுந்தது. இது நம்ம ஆழி இல்லை என்று முதலில் சொன்னவர்கள், தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் நீங்கள்தான். வகைப்பாட்டியலின் முதல் படி, ‘இது வழக்கமானது இல்லையே’ என்று நெற்றி சுருக்குவது. அந்தப் படியை ஏறிய உங்களிடம் அடுத்த படியை ஏற ஆட்கள் சீக்கிரம் வந்திருக்க வேண்டும்.

கே: பால்வெளி மண்டலத்தைப் பார்த்து வண்டு வழி கண்டுபிடிக்கும் என்று படித்தேன். எங்கள் வானத்தில் நட்சத்திரமே தெரிவதில்லையே, வண்டு என்ன செய்யும்? (இல்லத்தரசி, எண்ணூர்)

ப: படித்தது உண்மை. ஸ்வீடனின் மரி டாக்கே குழு, நிலவில்லா இரவில் ஒரு சாணி வண்டு பால்வெளியின் ஒளிப்பட்டையை வைத்து நேர்கோட்டில் உருண்டையை உருட்டுவதை 2013-ல் நிரூபித்தது. உங்கள் இரண்டாவது கேள்வியையும் அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் நகர வெளிச்சத்திலும் கிராம இருட்டிலும் வண்டுகளை ஒப்பிட்டு 2021-ல் வெளியிட்டார்கள். நகரத்தில் வானம் மங்கியதும் வண்டுகள் நட்சத்திரத்தைக் கைவிட்டு, கண்ணைப் பறிக்கும் விளக்கை நோக்கியே போயின. உருட்டும் வண்டு ஆளுக்கொரு திசையில் போவது, சாணிக் குவியலில் நடக்கும் வழிப்பறியிலிருந்து தப்பத்தான். எல்லாம் ஒரே விளக்கை நோக்கிப் போனால் சண்டைதான் மிஞ்சும். நம் துறைமுகத்தின் உயர்கோபுர விளக்குகள் விடியவிடிய எரிகின்றன. கப்பலுக்கு வெளிச்சம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வானத்தை நோக்கி வீசும் வெளிச்சம் யாருக்கு வேண்டும்? விளக்கின் தலைக்கு மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பினால் மின்சாரமும் மிச்சம்.

கே: வண்டுக்கு எங்கள் தலைவர் பெயரை வைக்கலாமா? (கட்சித் தொண்டர், ராயபுரம்)

ப: வைக்கலாம். விதி தடுக்கவில்லை. பிரெட் ராட்கிளிஃப் என்ற அமெரிக்க ஸ்கராப் நிபுணர் 2018-ல் மூன்று வண்டுகளுக்கு ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிராகன்களின் பெயரையே வைத்தார். ஆனால் ஆஸ்கர் ஷைபல் என்பவர் ஸ்லோவேனியக் குகை வண்டு ஒன்றுக்கு ஹிட்லர் பெயரை 1937-ல் வைத்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்காகவே நினைவுப்பொருள் சேர்ப்பவர்கள் அந்தக் கண்ணில்லாத வண்டை வேட்டையாடுகிறார்கள். தலைவர்கள் மாறுவார்கள், மதிப்பீடு மாறும், வண்டின் பெயர் மாறாது. ஊர்ப் பெயர்தான் என் தேர்வு. அதற்கு எண்ணூரே முன்னோடி. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மேனனும் ரமா தேவியும் 1980-ல் ஓர் உளுவை மீனுக்கு அசென்ட்ரோகோபியஸ் எண்ணோரென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். நம் கழிமுகப் பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பிக்கு 1916-லேயே மதராசென்சிஸ் என்ற பெயர் வந்துவிட்டது.

கே: உங்கள் பெயரை வைத்துக்கொள்ள ஆசை இல்லையா? (பெயர் இல்லை, புதுவண்ணாரப்பேட்டை)

ப: வர்ணிப்பவர் தன் பெயரைத் தானே வைப்பது மரபில்லை. கடிதத்திலேயே பெயர் போடாத உங்களுக்கு இது புரியும்.

கே: ஒரு வண்டுக்குப் பெயர் வைத்தால் எவ்வளவு கிடைக்கும்? எவ்வளவு காலம் ஆகும்? (போட்டித் தேர்வு மாணவர், திருவொற்றியூர்)

ப: காசு கிடையாது. காலம் இருக்கிறதே, அதை 2012-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். ஒரு மாதிரி சேகரிக்கப்பட்டதற்கும் அது புதிய இனமாக அச்சில் வருவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள். வண்டு கெட்டுப்போகவில்லை, பார்க்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான். சென்னையில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தை 1963-ல் டி.என். அனந்தகிருஷ்ணன் தொடங்கினார். ஒவ்வொரு பேரினத்துக்கும் நாடு முழுக்க ஒன்றிரண்டு நிபுணர்களே இருக்கும் நிலையில், ஒருவர் ஓய்வு பெற்றால் ஒரு துறையே மூடியதுபோல் ஆகிவிடுகிறது. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ‘வகைப்பாட்டியலாளர் தேவை’ என்று அடிக்கடி வரும் நாளை நான் எதிர்பார்க்கிறேன். அதற்காக எழுதிக்கொண்டும் இருப்பேன்.

கே: ஆராய்ச்சிக்காகக் கொல்வது பாவம் இல்லையா? (பக்தை, தியாகராஜர் கோயில் தெரு, திருவொற்றியூர்)

ப: கொல்வதில் எனக்கும் மகிழ்ச்சி இல்லை அம்மா. தேவைக்கு மேல் ஒன்றுகூட எடுக்கக் கூடாது என்பதே என் நிலை. சாணி கிளறிப் பட்டியல் எடுக்க, பார்த்துவிட்டு விட்டுவிடலாம். புதியதோ என்று சந்தேகம் வரும்போது மட்டும் சில மாதிரிகள் தேவைப்படும். ஒரு ஏக்கர் மேய்ச்சல் நிலத்துக்கு மேல் சிமெண்ட் கொட்டும்போது மண்ணுக்குள் இருக்கும் புழுக்களை யாரும் எண்ணுவதில்லை. என் கவலை பெரும்பாலும் அந்தப் பக்கமே போகிறது.

கே: சாம்பல், எண்ணெய், அமோனியா என்று நாங்களே மூச்சுத் திணறுகிறோம். வண்டுக்குப் பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? (சமூக ஆர்வலர், நெட்டுக்குப்பம்)

ப: கோபம் நியாயமானது. 2023 டிசம்பர் உங்களுக்கு எப்படிப் போனது என்று தமிழ்நாட்டுக்கே தெரியும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்தது, அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அமோனியா கசிந்தது. மனிதர்களின் மூச்சுக்கு முன்னால் வண்டை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த எண்ணெயில் நனைந்த கூழைக்கடாக்களின் படம் நாடு முழுக்கப் போனதே, ஏன்? அந்தப் பறவைக்குப் பெயர் தெரியும், எங்கே இருந்து வருகிறது என்று தெரியும், பல ஆண்டுகளாகப் பார்த்து எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். இழப்பை எண்ண முடிந்தது. கரை மணலிலும் சாம்பல் படிந்த மேட்டிலும் மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் வண்டுப்புழுவுக்கு அப்படி ஒரு பதிவு கிடையாது. பெரிய திட்டங்கள் வரும்போது 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாராகிறது. அதில் அங்கே வாழும் உயிரினங்களின் பட்டியலும் வர வேண்டும். பெயரில்லாத உயிர் அந்தப் பட்டியலில் ஏறவே முடியாது. ‘இந்த இனத்தின் மூல மாதிரி எண்ணூரில் எடுக்கப்பட்டது’ என்ற ஒரு வரி ஆய்விதழில் இருந்தால், பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து நிற்கும் உங்களுக்கு அது ஒரு தாள். உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் தாள்களோடு அதையும் சேர்க்க விரும்புகிறேன்.

கே: ராயபுரத்துக்குள்ளேயே தேட இடம் உண்டா? (எட்டாம் வகுப்பு மாணவன், கல்மண்டபம்)

ப: உண்டு தம்பி. வேப்பமரமும் மூடாத மண்ணும் இருக்கும் இடமாகப் பார். ராபின்சன் பூங்கா, கல்லறைத் தோட்டங்களின் ஓரம், 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட உங்கள் ரயில் நிலையத்தின் வெளிச்சுவர் விளக்கு. தண்டவாளத்தில் இறங்கக் கூடாது, பெரியவர் ஒருவரோடு போக வேண்டும். கோடை மழை பெய்த அன்று இரவு எட்டு மணிக்குப் பார்.

கே: உலகிலேயே பலசாலி பூச்சி எது? (அவன் தம்பி, அதே முகவரி)

ப: ஆந்தோஃபேகஸ் டாரஸ் என்ற சாணி வண்டு. தன் எடையைப் போல் 1,141 மடங்கை இழுத்ததை 2010-ல் பதிவு செய்தார்கள்.

கே: நான் பிடித்த வண்டு செத்துவிட்டது. பெட்டியில் எறும்பு வருகிறது. எப்படிப் பத்திரப்படுத்துவது, யாரிடம் காட்டுவது? (கல்லூரி மாணவி, சாத்தாங்காடு)

ப: எறும்பைத் தட்டிவிட்டு, இரண்டு நாள் நிழலில் உலர விடுங்கள். வண்டைப் பக்கவாட்டில் சாயாமல் நேராக வைத்து, வலது இறக்கை மூடியில் ஊசி இறக்குங்கள். உலகம் முழுக்க வலதுபக்கம்தான், இடதுபக்கம் சேதமில்லாமல் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்பதற்காக. ஊசி ஏறாத சின்ன வண்டு என்றால் முக்கோண அட்டை நுனியில் ஒரு துளி பசை வைத்து ஒட்டுங்கள். மூடி இறுக்கமான பெட்டியில் நாப்தலின் உருண்டை போடுங்கள். முதுகு, அடிப்பக்கம், முகம், முன்னங்கால் என்று தனித்தனியாகப் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் துறை தெரிந்தவர்கள் கண்ணில் படும். அவர்களும் குழம்பினால் சாந்தோம் மையத்துக்கோ லயோலாவுக்கோ எழுதிக் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். காப்புக்காடு, சரணாலயம் பக்கம் போய் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்காதீர்கள்.

ஊசிக்குக் கீழே சீட்டு. பென்சிலில் எழுதுங்கள், மை கலைந்துவிடும். சாத்தாங்காடு என்று மட்டும் போதாது, எந்தக் குளக்கரை, எந்த மரம், மண் தரையா மணலா என்று வேண்டும். தேதி, நேரம், விளக்கில் விழுந்ததா சாணியில் கிடைத்ததா என்பது அடுத்த வரி. கடைசி வரியில் பிடித்தவர் பெயர், அதாவது உங்கள் பெயர், முழுதாக.